வீட்டு ஓட்டு

தன் பேரைக் காகிதத்தில் பார்த்துவிட்டால் நெடுஞ்செழியனுக்குக் கை சும்மா இருக்காது. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. அமெரிக்கா பண்ணிவைத்த பழக்கம் அது. விசா, விசா நீட்டிப்பு, மறுபடியும் நீட்டிப்பு, கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் என்று இருபது வருஷமாக வக்கீல் ஆபீசிலிருந்து கட்டுக்கட்டாகக் காகிதம் வந்துகொண்டே இருந்தது. பேர் எங்கே இருக்கிறதோ அங்கே கையெழுத்து. அவர் மனைவி பவளத்துக்குப் பேரைத் தேடுகிற சிரமம்கூட வைத்ததில்லை. அவள் போட வேண்டிய இடத்தில் எல்லாம் அவரே மஞ்சள் சீட்டு ஒட்டிவிடுவார். "பவளம், இங்க ஒரு கையெழுத்து போடு" என்பார். அவள் அடுப்பை சிம்மில் வைத்துவிட்டு வந்து போட்டுவிட்டுப் போவாள். என்ன காகிதம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விளக்கியிருப்பார். அவர் விளக்கி முடிப்பதற்குள் குழம்பு அடிப்பிடித்திருக்கும்.

கையெழுத்தை மட்டும் அவர் தமிழில்தான் போடுவார். அதில் ஒரு கௌரவம். அவருடைய அப்பா சேனாபதி விருத்தாசலத்தில் கட்சியின் வட்டச் செயலாளராக இருந்தவர். தேர்தல் வந்தால் வேட்பாளரே வீடு தேடி வந்து காபி குடித்துவிட்டுப் போவார். "எங்க வீட்ல ஏழு ஓட்டு. ஏழும் உங்களுக்குத்தான்" என்று சேனாபதி வாசலில் நின்று சொல்லி அனுப்புவார். அந்த ஏழில் நாலு பெண்களுடையது. அவர்களை யாரும் கேட்டதில்லை, அவர்களும் கேட்கச் சொன்னதில்லை. பவளம் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன பிறகு ஏழு எட்டாயிற்று, அவ்வளவுதான் வித்தியாசம். சொன்ன பட்டனை அழுத்திவிட்டு, விரலில் மையோடு வீட்டுக்கு வந்து உலை வைத்தாள்.

இனி இந்தப் பேர் விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். இன்ஷியலோடு பிழைத்தவர்களிடம் அமெரிக்கா குடும்பப் பேர் கேட்கிறது. நெடுஞ்செழியன் அப்பா பேரைக் கொடுத்தார். பவளம் புருஷன் பேரைக் கொடுத்தாள். ஆகவே இங்கே அவர் நெடுஞ்செழியன் சேனாபதி, அவள் பவளம் நெடுஞ்செழியன். பேங்கில் "மிஸ்டர் சேனாபதி" என்று கூப்பிட்டால், வந்த புதிதில் அவர் அப்பாதான் வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்ப்பார். "உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் ஏன் வேறு வேறு குடும்பப் பேர்?" என்று பவளத்தைக் கேட்காத ஆபீஸ் கிடையாது. அவள் விளக்கிச் சொல்லி அலுத்து, கடைசியில் "எங்க ஊர் வழக்கம்" என்று முடித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள்.

போன வசந்தத்தில் இருவரும் ஒரே நாளில் வலது கையைத் தூக்கிப் பிரமாணம் செய்து சிட்டிசன் ஆனார்கள். இலையுதிர் காலத்தில் ஜனாதிபதி தேர்தல். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ஃப்ரீமான்ட்டில் அவர்கள் வீட்டுத் தபால் பெட்டியில் இரண்டு பேருக்கும் ஓட்டுச் சீட்டு வந்து கிடந்தது. கலிஃபோர்னியாவில் சீட்டு வீட்டுக்கே வந்துவிடும். நிரப்பி, கூடவே வருகிற உறையில் போட்டு, உறை மேல் கையெழுத்திட்டு, தபாலிலோ ஊரில் அங்கங்கே வைத்திருக்கிற பெட்டியிலோ போட்டுவிடலாம். நெடுஞ்செழியன் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பரீட்சைக்கு உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார்.

பவளம் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சின்னமே இல்லையேங்க. யானை, கழுதைன்னாங்க. ஒண்ணையும் காணோம்."

"இங்க சின்னம்லாம் கிடையாது. பேரு மட்டும்தான். படிச்சு போடணும்" என்றார் அவர், தானே அந்த ஏற்பாட்டைச் செய்துவைத்த தோரணையில்.

அவருக்கு எல்லாம் முடிவாகி மாசங்கள் ஆகியிருந்தன. 880 ஃப்ரீவேயில் ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும் கார் ரேடியோவில் யாராவது அவருக்காகப் பேசிக்கொண்டே வருவார்கள். அதில் ஊறிப்போன மனிதர். அவருடைய அரசியல் முழுவதும் ஒரே வார்த்தையில் அடங்கிவிடும்: வரிசை. "நாம வரிசையில நின்னோம். ஒவ்வொரு ஸ்டாம்புக்கும் நின்னோம். வேலை போயிடுமோன்னு பயந்துகிட்டே நின்னோம். இன்னொருத்தன் வேலி தாண்டி வந்துட்டு எனக்கு முன்னாடி நிப்பான். அதையும் பாத்துகிட்டு கை தட்டணுமா?" என்பார். சமூக நீதி பேசிய வீட்டுப் பிள்ளை இப்போது யானைச் சின்னத்துச் சிவப்புக் கட்சி. அவரோடு கல்லூரியில் படித்த பத்ரி, நாலு தெரு தள்ளிக் குடியிருப்பவர், கழுதைச் சின்னத்து நீலக் கட்சி. இரண்டு பேரும் வாட்ஸப் குழுவில் விடிந்ததிலிருந்து அடித்துக்கொள்வார்கள். சாயங்காலம் பத்ரி வீட்டுக்கு வந்து இஞ்சி டீ குடித்துவிட்டுப் போவார். சண்டை சண்டைக்கு, டீ டீக்கு.

அவர் சொல்வதில் நியாயமே இல்லை என்று பவளம் நினைத்ததில்லை. அந்த வரிசையில் அவளும் நின்றவள்தான். அவருக்காவது நிற்கும்போது ஒரு வேலை இருந்தது. அவள் விசாவில் 'டிபெண்டன்ட்' என்று போட்டிருந்தது, வேலைக்குப் போக அனுமதி இல்லை. எம்.எஸ்சி. படித்தவள், வருஷக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்க்கிங் பார்த்துக்கொண்டிருந்தாள். கிரீன் கார்டு வந்த பிறகுதான் உரிமம் வாங்கி வீட்டிலேயே சின்னதாக டேகேர் தொடங்கினாள். இப்போது ஊரார் பிள்ளைகள் காலையில் வந்து சாயங்காலம் போகின்றன.

நெடுஞ்செழியன் மேலிருந்து கீழே மளமளவென்று வட்டங்களைக் கறுப்பு பண்ணிக்கொண்டே போனார். ஜனாதிபதி, செனட், பள்ளிக்கூட போர்டு, சட்டத் திருத்தங்கள். முடித்ததும் அதைப் படம் பிடித்து பவளத்தின் போனுக்கு அனுப்பினார்.

"நீ சாவகாசமா பண்ணு. டவுட் வந்தா என்னுதப் பாத்து அப்படியே போட்டுடு" என்றார்.

மேசையில் இரண்டு உறைகள் கிடந்தன. குடும்பப் பேரை முன்னால் போட்டு, சொந்தப் பேரைப் பின்னால் போட்டிருந்தார்கள். கொட்டை எழுத்தில் நெடுஞ்செழியன் என்று தொடங்கிய உறையை அவர் எடுத்தார். கை சும்மா இருக்குமா? சீட்டைச் செருகினார், ஒட்டினார், ழகரத்தின் வாலை நன்றாக இழுத்துத் தமிழில் கையெழுத்துப் போட்டார். மௌரி அவென்யூவில் கொத்தமல்லி வாங்கப் போகிற வழியில் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். ஜனநாயகக் கடமையும் முடிந்தது, கொத்தமல்லியும் வந்தது.

பவளத்துக்கு நேரம் கிடைத்தது திங்கட்கிழமை மத்தியானம், பிள்ளைகள் எல்லாம் தூங்கிய பிறகு. புருஷன் அனுப்பிய படத்தை அவள் திறக்கவில்லை. சீட்டின் மேல் பேனாவை வைத்தபோது அவளுக்குத் தங்கை கயல் ஞாபகம்தான் வந்தது.

கயல் இருப்பது டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில். ரொம்ப நாள் கழித்து உண்டானவள். ஐந்தாம் மாசம் தொடங்கும்போது பனிக்குடம் உடைந்துவிட்டது. பிள்ளை பிழைக்காது என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் பிள்ளையின் நெஞ்சு துடிக்கிறவரைக்கும் தாங்கள் கருவை எடுக்க முடியாது, சட்டம் அப்படி இருக்கிறது, தாயின் உயிருக்கு ஆபத்து என்று காட்ட ஏதாவது இருந்தால்தான் கை வைக்கலாம் என்றும் சொன்னார்கள். காய்ச்சல் வந்தால் திரும்பி வாருங்கள், அப்போது செய்யலாம் என்று அனுப்பிவிட்டார்கள். கயலும் அவள் புருஷனும் வீட்டுக்குப் போகப் பயந்து ஆஸ்பத்திரி பார்க்கிங்கிலேயே காருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து கயல் அக்காவுக்குப் போன் செய்தாள். அந்தப் போனில் அவள் சொன்னதைப் பவளம் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. பிறகு காய்ச்சல் வந்தது. வந்த வேகத்தில் நேராக ஐ.சி.யு. பவளம் விமானம் பிடித்துப் போய்ப் பார்த்தபோது தங்கையின் உதடு கறுத்துக் கிடந்தது. கயல் பிழைத்துக்கொண்டாள். ஆனால் பழைய கயல் இல்லை.

நெடுஞ்செழியன் அப்போது நன்றாகத்தான் நடந்துகொண்டார். டிக்கெட் எடுத்துக் கொடுத்தார், டேகேர் பிள்ளைகளின் பெற்றோருக்கெல்லாம் அவரே போன் செய்து சொன்னார். "எந்த ஆஸ்பத்திரி அது? கேஸ் போடணும்" என்று குதித்தார். அது ஆஸ்பத்திரிச் சமாசாரம், அது வேறு. தேர்தல் அரசியல் வேறு. அவர் மனசில் இரண்டும் வேறு வேறு அலமாரியில் இருந்தன. பவளத்துக்கு இரண்டும் ஒன்றுதான். யார் ஜெயித்து யார் போட்ட சட்டத்தால் தன் தங்கை காருக்குள் உட்கார வேண்டிவந்தது என்று அவள் மெனக்கெட்டுத் தேடிப் படித்திருந்தாள். அவருடைய கட்சிக்கு அவள் ஓட்டுப் போட மாட்டாள். அதில் அவளுக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை.

கோயிலில் பெண்கள் வேறு விதமாகப் பேசிக்கொண்டார்கள். நீலக் கட்சியில் ஜனாதிபதிக்கு நிற்கும் அம்மாளின் பூர்வீகம் மன்னார்குடிப் பக்கமாம், நம்ம ஊர்ப் பொண்ணாம், விட்டுக்கொடுக்க முடியுமா என்றார்கள். பவளத்துக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. மன்னார்குடிக்கு அவள் போனதே கிடையாது.

வட்டத்தைக் கறுப்பாக்கினாள். மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் படித்துப் போட்டாள். சட்டத் திருத்தங்களில் ஒன்றிரண்டு, அவர் போட்ட மாதிரியேகூட இருந்திருக்கும். திருட்டுக்குத் தண்டனையைக் கடுமையாக்குவதில் அவளுக்கும் சம்மதம்தான். தெருவில் கார்க் கண்ணாடியை உடைத்ததை அவளும் பார்த்தவள். எல்லாம் முடித்து, மடித்து, உறையை எடுத்தால் அதில் சேனாபதி என்று இருந்தது. மாமனார் பேர்.

ஒரு நிமிஷம் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு புரிந்தது. பிள்ளைகள் எழுந்துவிடாமல் பின்கட்டுக்குப் போய் அவருக்குப் போன் செய்தாள்.

"என்னங்க, என் கவர எடுத்துட்டுப் போயிட்டீங்க."

"இல்லையே. என் பேரு பாத்துத்தானே போட்டேன். முதல்ல என் பேருதான் இருந்துச்சு."

"முதல்ல இருந்தது உங்க பேரு இல்லைங்க. என் லாஸ்ட் நேம்."

மறுமுனையில் அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அட ஆமா! சரி விடு, இதுக்குப் போயி பதறாத. என் கவரு அங்கதானே இருக்கு? உன் பாலட் சீட்ட அதுல போட்டு என் கையெழுத்த நீயே போட்டு அனுப்பிடு. உனக்குத் தெரியாத கையெழுத்தா? ரெண்டு பாலட்டும் ஒரே மாதிரிதானே இருக்கு, அவனுக்கு எது யாருதுன்னு எப்படித் தெரியும்? மீட்டிங் வந்துடுச்சு, வைக்கிறேன்."

ஒரே மாதிரி இல்லை என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார். அவள் சீட்டைத் துணி அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்தாள். அவர் கையெழுத்தைப் போட அவளுக்கு மனசு வரவில்லை.

இரண்டொரு நாளில் அவள் போனுக்குத் தேர்தல் அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. உங்கள் உறை வந்து சேர்ந்தது, ஆனால் மேலே இருக்கிற கையெழுத்து எங்களிடம் உள்ள உங்கள் கையெழுத்தோடு பொருந்தவில்லை, அது உங்களுடையதுதான் என்று உறுதிமொழி கொடுத்தால் ஓட்டை எண்ணுவோம் என்று இருந்தது. பொருந்தாதுதான். அவள் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போடுகிறவள். அவருடையது தமிழில் தேர் மாதிரி நிற்கும்.

அந்தச் செய்தியை நெடுஞ்செழியன் இரண்டு தடவை படித்தார். பொய் சொன்னால் சட்டப்படி குற்றம் என்று கடைசி வரியில் போட்டிருந்தது.  இன்னொருத்தர் உறையில் தன் கையெழுத்து. அதுவும் தேர்தலில். அதுவும் சிட்டிசன் ஆன வருஷத்திலேயே. சிட்டிசன்ஷிப்பைப் பிடுங்கிக்கொண்டு விமானத்தில் ஏற்றிவிடுவார்களோ என்கிற வரைக்கும் அவர் போய்விட்டார். வேறு வழி தெரியாமல் பத்ரிக்குப் போன் போட்டார்.

பத்ரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஏன்டா இவ்ளோ டென்ஷன்? அவங்கள ஒரு சைன் போடச் சொல்லு. என் கையெழுத்துதான்னு ஒரு வரி. மேட்டர் க்ளோஸ்" என்றார். ஜனவரியிலிருந்து அந்த இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

மறுநாள் சாயங்காலம் கடைசிப் பிள்ளையும் போன பிறகு, நெடுஞ்செழியன் உறுதிமொழிக் காகிதத்தை அச்செடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது.

"பவளம், இங்க ஒரு கையெழுத்து போடு."

அவள் அடுப்பை சிம்மில் வைத்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பேனாவையும் வாங்கிவிட்டாள். பழக்கம் அப்படி. மஞ்சள் சீட்டுக்குப் பக்கத்தில் பேனா போய் நின்றது, அங்கேயே நின்றது. பிறகு அவள் காகிதத்தை மேலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

"என்ன படிக்கிற? ஸ்டாண்டர்ட் லாங்வேஜ்தான்."

அவள் முடிவுவரை படித்தாள். "இந்த உறையில இருக்கறது என் ஓட்டு, நான்தான் போட்டேன்னு எழுதியிருக்குங்க."

"ஆமா."

"அது என் ஓட்டு இல்லையே."

"யார் இல்லன்னா? ஆனா ரெண்டும் ஒண்ணுதானே பவளம். என்னுது உன் பேர்ல போவுது, உன்னுது என் பேர்ல போவுது. டோட்டல்ல என்ன மாறப்போவுது?"

"ஒண்ணு இல்லைங்க" என்றாள் பவளம்.

 நெடுஞ்செழியன் கண்ணாடியைக் கழற்றினார். அப்பாவின் வாசலில் எட்டு ஓட்டும் ஒரே பக்கம் போய்ப் பார்த்தவர் அவர். தன் வீட்டில் இருக்கிற இரண்டே ஓட்டில் ஒன்று எதிர்ப் பக்கம் போகக்கூடும் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. கோபத்தைவிட ஆச்சரியம்தான் முகத்தில் அதிகம் இருந்தது.

"என்ன, நம்ம ஊர்ப் பொண்ணுன்னா?" என்றார் கடைசியில்.

"அதுக்கில்ல."

"பின்ன எதுக்கு? பத்ரி ஏதாச்சும் சொன்னானா?"

இதற்குத்தான் பவளத்துக்குக் கோபம் வந்தது. தான் ஒன்று நினைத்தால்கூட அதை ஒரு ஆம்பளைதான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டுமா? "நேர்ல போயி சொல்லிடறேன்" என்றாள். "சனிக்கிழமையிலிருந்து ஓட்டுப் போடற சென்டர் திறக்கிறாங்களாம். புதுசா போட்டுக்கறேன்."

"என்னன்னு சொல்லுவ? என் புருஷன் என் கவர்ல கையெழுத்து போட்டுட்டாருன்னா? அது ஃப்ராடு, பவளம். நாளைக்கு என் சிட்டிசன்ஷிப்புல கை வச்சா என்ன பண்ணுவ? எதுக்காக? இது கலிஃபோர்னியா. நீ போட்டாலும் போடாட்டியும் உன் ஆளுங்கதான் ஜெயிக்கப்போறாங்க. என் ஓட்டும் வேஸ்ட், உன் ஓட்டும் வேஸ்ட்."

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் அவளை வாட்டியது. இந்த மாநிலம் எந்தப் பக்கம் போகும் என்று ஊருக்கே தெரியும். ஒரு கையெழுத்துப் போட்டால் மனுஷன் நிம்மதியாகச் சாப்பிடுவார். போடாவிட்டால் அவருக்கு என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியாது. அவளுக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் போட்டால், எந்தக் கட்சியால் கயல் காருக்குள் உட்கார்ந்தாள் என்று அவள் நினைத்தாளோ, அந்தக் கட்சிக்குப் பவளம் நெடுஞ்செழியன் என்ற பேரில் ஒரு ஓட்டு விழும். அது விழாமல் போவதற்கு அவளால் முடிந்தது இது ஒன்றுதான். மஞ்சள் சீட்டைப் பிய்த்து எடுத்துக் குப்பையில் போட்டாள். காகிதத்தை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டு நாள் அந்த வீட்டில் அவசியமான பேச்சு மட்டும் நடந்தது. சனிக்கிழமை காலை அவள் சாவியை எடுத்தபோது, "நானே ட்ரைவ் பண்றேன்" என்றார் நெடுஞ்செழியன். மாட்டினால் இருவருமாக மாட்டுவோம் என்று நினைத்தாரோ என்னவோ. புதுச் சட்டை போட்டிருந்தார். பாஸ்போர்ட், சிட்டிசன்ஷிப் சர்டிபிகேட், கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஒரு பையில் இருந்தன.

சமூகக் கூடத்தில் போட்டிருந்த மேசைக்குப் பின்னால் வெள்ளை முடிக்காரப் பெண்மணி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சட்டையில் டொலோரஸ் என்று பேர் குத்தியிருந்தது. பவளத்தின் பேரைத் தட்டினாள், கம்ப்யூட்டரை இந்தப் பக்கம் திருப்பினாள். திரையில் அந்த உறை இருந்தது. நெடுஞ்செழியனின் தமிழ்க் கையெழுத்து, ழகரத்தின் வாலோடு.

இது உங்கள் கையெழுத்தா என்று டொலோரஸ் கேட்டாள்.

பவளத்துக்குப் பக்கத்தில் நின்றவரின் மூச்சு கேட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டொலோரஸுக்குத் தமிழா தெரியப்போகிறது? 

"இல்லை. என் கணவருடையது. உள்ளே இருப்பதும் அவருடைய ஓட்டு. என்னுடையது இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

நெடுஞ்செழியன் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். டொலோரஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். புருஷன் உறையில் பெண்டாட்டியும் பெண்டாட்டி உறையில் புருஷனும் போடுவது காலையிலிருந்து இது எத்தனையாவதோ என்றாள். அதிலும் உங்கள் ஊர்க்காரர்களுக்கு எது முன்பேர் எது பின்பேர் என்று கண்டுபிடிப்பதை எப்போதோ விட்டுவிட்டேன் என்றாள். கையெழுத்து ரொம்ப அழகு, படம் வரைந்த மாதிரி இருக்கிறது என்று அவரைப் பாராட்டவும் செய்தாள். அந்த உறையைத் திறக்காமல் அப்படியே ஒதுக்கிவிடுவார்கள், நீங்கள் இருவருமே இன்னும் ஓட்டுப் போடவில்லை, ஆளுக்கொரு புதுச் சீட்டு தருகிறேன், போட்டுவிட்டுப் போங்கள் என்றாள். பையில் இருந்த கல்யாணப் பத்திரிகையை யாரும் கேட்கவில்லை.

இரண்டு மறைப்புத் தட்டிகளுக்குப் பின்னால் இருவரும் தனித்தனியாக நின்றார்கள். அவர் சீக்கிரம் முடித்துவிட்டு வந்து கதவோரம் காத்திருந்தார். அவள் ஒவ்வொன்றாக மறுபடி படித்துத்தான் போட்டாள். வெளியே வரும்போது 'ஓட்டுப் போட்டேன்' என்று அச்சிட்ட ஸ்டிக்கர் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். மைக்குப் பதில் அதுதான் இங்கே. அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டார். அவள் துப்பட்டாவில் ஒட்டிப் பார்த்தாள், நிற்கவில்லை, கையில் ஒட்டிக்கொண்டாள்.

 காரில் வழக்கமாகப் பேசுகிற ரேடியோவை அவர் போடவில்லை. மௌரி சிக்னலில் நின்றபோது, "ஆக நான் போட்டத நீ அடிச்சிட்ட" என்றார். குரலில் உஷ்ணம் இல்லை. "நம்ம வீட்டு ஓட்டு மொத்தத்துல ஜீரோ."

"ஜீரோ இல்லைங்க" என்றாள் பவளம். "நம்ம வீட்ல ரெண்டு ஓட்டு."

 பச்சை விழுந்தது. அவர் எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"நம்ம ஊர்ப் பொண்ணுக்கும் இல்ல, பத்ரிக்கும் இல்ல" என்றார், வண்டியை எடுத்துக்கொண்டே. "பின்ன எதுக்குத்தான் பவளம்?"

"கயலுக்கு."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். மறுபடி ரோட்டைப் பார்த்தார்.  அலமாரி இரண்டும் ஒன்றாவதற்கு அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடது பக்கத் திருப்பம் வந்தது. அவர் திரும்பாமல் நேரே போனார்.

"வழி விட்டுட்டீங்க."

"தெரியும்" என்றார். "சுத்திகிட்டுப் போலாம். அன்னைக்கு என்னதான் நடந்துச்சு? நான் உன்ன ஒரு தடவகூட ஒழுங்கா உட்கார வச்சுக் கேக்கல. கயல் கார்ல இருந்து உனக்குப் போன் பண்ணாளே, என்ன சொன்னா?"

பவளம் கையிலிருந்த ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் அழுத்தி ஒட்டினாள். சொல்லும்போது அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், முடியவில்லை.

"சாமிகிட்ட வேண்டிகிட்டு இருக்கேன்க்கான்னு சொன்னா. எனக்கு எப்படியாவது காய்ச்சல் வந்துடணும்னு."